நூலக வகுப்பில் ஆய்வு மாணவர்கள் செய்யும் தவறுகள்: நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்

போன மாதம் முனைவர் பட்ட மாணவர்கள் எட்டுப் பேரைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அழைத்துப் போனேன். 'ஆய்வு நெறிமுறைகள்' தாளில் அதற்கென்றே ஒரு வகுப்பு உண்டு. பையை வாசலில் வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, உள்ளே நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பையன் பழைய சிற்றிலக்கியப் பதிப்பு ஒன்றை உருவினான். நடுவில் பிரித்துச் செல்போனில் சடசடவென்று இருபது பக்கம் படம் பிடித்தான். மூடி, எடுத்த இடத்துக்கு இரண்டு தட்டு கீழே செருகினான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அதே வரிசையில் அதே திருப்தியோடு நின்றவன் நான்.

சத்தம் போடாதீர்கள், புத்தகத்தில் கோடு போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. செல்போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு நூலகம் விதி மாறும். யாரும் எழுதி ஒட்டாத தவறுகள்தான் என் கணக்கு.

"என் தலைப்புக்கு என்ன புக் இருக்கு சார்?"

நூலகரிடம் இப்படிக் கேட்டால் அவர் ஒரு வரிசையைக் கையால் காட்டுவார். அவ்வளவுதான் கிடைக்கும். 'தூது இலக்கியங்களில் சமூகம்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. 'தமிழ்விடு தூதை உ.வே.சா. 1930இல் பதிப்பித்தார், அதற்குப் பிறகு யார் யார் உரை எழுதியிருக்கிறார்கள்?' என்பது கேள்வி. இதைக் கேட்டால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். கிளம்புவதற்கு முன்னால் இப்படி மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

தலைப்புப் பக்கத்தை விட்டுவிடுவது

மற்றதெல்லாம் நேரத்தைத் தின்னும் தவறுகள். இது காசையும் தின்னும். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

என் ஆய்வு தூது நூல்கள் பற்றியது. இரண்டாம் வருடம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பழைய தூது நூல் ஒன்றின் முன்னுரையில் என் மூன்றாம் இயலுக்கே அச்சாணி போல ஒரு வாக்கியம் அகப்பட்டது. ஆசை ஆசையாக நோட்டில் எழுதினேன். கீழே 'தூது முன்னுரை, ப. 14' என்று குறித்தேன். எந்தத் தூது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியும். இதையெல்லாமா மறப்போம் என்ற தைரியம்.

இரண்டு வருடம் கழித்து அடிக்குறிப்பு போட உட்கார்ந்தபோது நூலின் பெயர் மட்டும் ஒரு வழியாக நினைவுக்கு வந்தது. பதிப்பித்தவர், அச்சுக்கூடம், ஆண்டு, எதுவும் இல்லை. நூலகக் கணினியில் தேடினேன். அந்தத் தூதுக்கு இரண்டு பதிப்புகள் காட்டியது. இரண்டையும் எடுத்து முன்னுரையை வரி வரியாகப் படித்தேன். என் வாக்கியம் இரண்டிலும் இல்லை. மறுநாளும் படித்தேன். நேற்று இல்லாதது இன்றைக்கா முளைத்துவிடும்?

நெறியாளர் ஒரே வரியில் முடித்தார். "இல்லாத வரியை எப்படிய்யா மேற்கோள் காட்டுவே? எடுத்துடு." எடுத்தால் இயல் நிற்காது. எடுக்காவிட்டால் ஆய்வேடு நகராது. உதவித்தொகை நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. கால நீட்டிப்புக்குக் கடிதம் எழுதிக் கட்டணமும் கட்டினேன். அந்தப் பணம் என் அக்காவுடையது. இன்றைக்கும் பேச்சு வரும்போது, "ஒரு வரிக்காகத்தானே குடுத்தேன்?" என்பாள்.

சென்னைக்குப் பேருந்து ஏறினேன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாக வைத்து 1994இல் உருவானது. அங்கே பார்த்த பதிப்பின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு: இதற்கு முன்பே ஒரு பதிப்பு வந்தது, அதன் முன்னுரையைச் சுருக்கியிருக்கிறோம். அப்பாடா, நான் கனவு காணவில்லை. அந்த முதல் பதிப்பைத்தான் எங்கள் நூலகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் கணினி அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

திரும்பி வந்து, அடுக்குப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்த்த உதவியாளர் அண்ணனிடம் புலம்பினேன். அவர் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல இல்லைன்னா புக்கே இல்லைன்னு அர்த்தமா தம்பி?" தண்ணீர்க் குடம் வைத்திருந்த பழைய மரப்பெட்டியைக் காட்டினார். அட்டைப் பட்டியல் இழுப்பறைகள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருவரும் தேடினோம். நாற்பது நிமிடத்தில் அட்டை கிடைத்தது. அதில் வேறொரு நூலின் பதிவு எண்ணைப் போட்டு, அதனுடன் சேர்த்துக் கட்டியது என்று மையில் எழுதியிருந்தது. மெலிந்த நூல்கள் மூன்றை ஒரே தொகுதியாக பைண்டு செய்திருக்கிறார்கள். கணினியில் ஏற்றியவர்கள் முதல் நூலின் பெயரை மட்டும் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். என் தூது மூன்றாவதாக உள்ளே கிடந்தது. பச்சைக் காலிகோத் துணி ஒட்டிய அட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அந்தத் தொகுதிக்கு அடுத்த இருக்கையில்தான் நான்கு மாதமாக உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பதினான்காம் பக்கத்தைத் திருப்பினேன். என் நோட்டில் 'பழமையானதென்று' என்று இருந்தது. புத்தகத்தில் 'பழமையானதன்றென்று' என்று இருந்தது. நடுவில் இருந்த 'அன்று' என்பதைக் கண் தாண்டிவிட்டது. ஒரே மாதிரி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றை விட்டுவிட்டு எழுதுவது ஏடு பெயர்த்தெழுதுபவர்களின் வழக்கமான பிழை. சுவடியியல் வகுப்பில் அதைப் படித்துத் தேர்வும் எழுதி 72 மதிப்பெண் வாங்கியவன் நான். முன்னுரைக்காரர் பழையது இல்லை என்பாரின் கருத்தைச் சொல்ல, நான் அதைத் தலைகீழாக்கி அதன்மேல் ஒரு இயலையே கட்டியிருந்தேன். அச்சாணி கழன்றது. 22 பக்கம் திரும்ப எழுதினேன்.

ஆகவே, ஒரு புத்தகத்தைத் திறந்தால் முதல் படம் தலைப்புப் பக்கம். இரண்டாவது அதன் பின்பக்கம். பதிப்பு, மறுபதிப்பு, அச்சகம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மூன்றாவது முதுகில் ஒட்டியிருக்கும் எண் சீட்டு. அப்புறம்தான் உங்களுக்கு வேண்டிய பக்கம். அதிலும் பக்க எண் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்துக் கட்டிய தொகுதி என்றால், அது தொகுதியில் எத்தனையாவது நூல் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அட்டைப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறவர்கள் உண்டு. நூலகம் பைண்டு செய்த புத்தகத்தின் அட்டை பைண்டருடையது. அதை நம்பாதீர்கள்.

ஜெராக்ஸ் எடுத்தால் இன்னொரு தொல்லை. பெரிய அளவுப் புத்தகத்தை ஏ4 தாளில் எடுக்கும்போது அடியில் இருக்கும் பக்க எண் காணாமல் போகும். கடைக்காரருக்கு அது கவலை இல்லை. அங்கேயே நின்று முதல் தாளின் பின்னால் நூல் விவரத்தையும், எண் விழாத தாள்களில் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எழுதுவதில்லை. நான் எழுதியதில்லை.

ஆண்டு விஷயத்தில் நம் பழைய நூல்கள் நன்றாகவே கால்வாரும். சிலவற்றில் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். விரோதி 1889இல் வந்தது, 1949இலும் வந்தது. அறுபது வருடச் சுற்று. காகிதம், அச்செழுத்து, அச்சுக்கூடத்தின் பெயர், உள்ளே இருக்கும் விளம்பரம், விலை அணாவில் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும். வேறு சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். அதில் 31 கழிக்க வேண்டும். ஒரு மாணவி, 'திருவள்ளுவர் ஆண்டு 2000' என்று போட்டிருந்த நூலை 2000ஆம் ஆண்டு வெளியீடு என்று எழுதி, 'அண்மைக்கால ஆய்வுகள்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருந்தாள். அது 1969இல் வந்த நூல். நூலாசிரியர் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தாரா என்பதே சந்தேகம்.

பக்க எண்களும் அப்படித்தான். பழைய முகவுரைகளில் தமிழ் எண்கள் இருக்கும். ௭ என்பது 7, ௮ என்பது 8. 'பக்கம் அ', 'பக்கம் எ' என்று அடிக்குறிப்பு எழுதித் தந்த பையனை நான் திட்டவில்லை. முதல் வருடம் நானும் ௰ஐ 'ய' என்று படித்தவன்தான். அது பத்து.

இவ்வளவு எதற்கு, ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் போதாதா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். போதாது. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1923இல். நடுவே 29 ஆண்டுகள். 'உ.வே.சா. முகவுரை, ப. 10' என்று நீங்கள் எழுதினால், எந்த உ.வே.சா. என்று தேர்வாளர் கேட்பார். நியாயமான கேள்வி.

கணினியில் ஒரே ஒரு தடவை தேடிவிட்டு 'இல்லை' என்பது

மரப்பெட்டிக் கதையைச் சொல்லிவிட்டேன். எல்லா நூலகத்திலும் பழைய அட்டைகள் முழுக்கக் கணினிக்கு ஏறிவிடவில்லை. ஏறியவையும் ஏற்றியவரின் கையைப் பொறுத்தவை.

'தமிழ்விடு தூது' என்று ஒரு தடவை தேடுங்கள். 'தமிழ் விடு தூது' என்று ஒரு தடவை. இடைவெளியே இல்லாமல் 'தமிழ்விடுதூது' என்று ஒரு தடவை. மூன்றுக்கும் மூன்று விடை வரலாம். இடைவெளி எங்கே விழும், சந்தி எங்கே சேரும் என்பது நமக்குப் பழக்கம், கணினிக்கு எழுத்து வரிசை மட்டும்தான் தெரியும். பெயர்களும் இதே பாடுதான். உ.வே. சாமிநாதையர் ஓர் இடத்தில் 'சாமிநாதையர், உ.வே.' என்று இருப்பார், இன்னோர் இடத்தில் 'சுவாமிநாத ஐயர்', மற்றோர் இடத்தில் 'உ'வில் தொடங்குவார். பழைய எழுத்துருவில் தட்டெழுதிய பதிவுகள் திரையில் கரப்பான்பூச்சி ஓடியது போலத் தெரியும். அவற்றை எந்தச் சொல்லாலும் பிடிக்க முடியாது. பதிப்பகத்தின் பெயராலோ ஆண்டாலோ சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ஏற்றிய பட்டியல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சிலப்பதிகாரத்தை நாம் 'எஸ்' போட்டுத் தேடுவோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் அது ஆங்கில 'சி'யில் (C) தொடங்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையை ஒட்டியது அது. 'ழ'வுக்கு நாம் இரண்டு எழுத்தைத் தட்டுவோம், அவர்கள் 'எல்'லுக்குக் கீழே ஒரு கோடு போடுவார்கள். கோடு, புள்ளி இல்லாமல் தட்டினாலும் பெரும்பாலும் கிடைத்துவிடும். எழுத்தே மாறினால் கிடைக்காது. ஆகவே இரண்டு எழுத்திலும் தேடுங்கள். பட்டியல் இடம் கொடுத்தால், குழப்பம் வராத நடுத்துண்டை மட்டும் தட்டியும் தேடலாம்.

பட்டியலில் இருந்த புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது

மாணவர்கள் எண்ணை எழுதிக்கொண்டு போய், மளிகைக் கடையில் சாமான் வாங்குவது போல அந்த ஒன்றை மட்டும் எடுத்து வருகிறார்கள். அதற்கு இருபுறமும் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. முதுகில் இருக்கும் எண் எதற்கு? ஒரே பொருள் பற்றிய நூல்களைப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைக்கத்தான்.

இதை மண்டையைக் குடைந்து யோசித்த மனிதர் நம்மூர்க்காரர். சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், கடையொன்றில் இரும்புத் துண்டுகளைத் திருகாணியால் சேர்த்து விதவிதமாகச் செய்யும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். நூலின் பொருளையும் அப்படித் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணால் கோக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அதுதான் 1933இல் வந்த கோலன் பகுப்பு முறை. அதில் இலக்கியத்துக்கு ஆங்கில 'ஓ' (O), தமிழுக்கு 31. உங்கள் நூலகம் டியூயி முறை என்றால் தமிழ் இலக்கியம் 894.811. புத்தக அடுக்குகளுக்கு இடையே வாசகர் தாமே நடந்து பார்க்கட்டும் என்று சென்னையில் கதவைத் திறந்துவிட்டவரும் ரங்கநாதன்தான். அவர் திறந்த கதவு வழியாகப் போய் ஒரே ஒரு புத்தகத்தோடு திரும்புகிறோம்.

ஆனால் பக்கத்து நூல்களோடும் நின்றுவிடக் கூடாது. நாட்டுப்புறக் கதையும் கலந்த ஆய்வு என்றால் 398க்கும் நடக்க வேண்டும். தமிழக வரலாறு 954.82இல் இருக்கும். அது வேறு மாடியாகக்கூட இருக்கலாம். லிப்ட் வேலை செய்யாது, படியேறுங்கள்.

புத்தகத்தை நீங்களே திருப்பி வைப்பது

வேண்டாம். மேசையில் வையுங்கள். இரண்டு தட்டு தள்ளி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்.

சோத்கங்காவில் இறக்கிவிட்டால் நூலகம் எதற்கு என்பது

சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பு நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் என்ற யுஜிசி மையம் நடத்துகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் அதில் இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகள் செய்வது என்ன? ஆய்வேடு அங்கே இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முன்னாய்வுகள் பற்றிய இயலை மட்டும் இறக்குகிறார்கள். ஆறு மாதம் கழித்து மடிக்கணினியில் 'சாப்டர் 2' என்ற பெயரில் பதினாறு கோப்புகள் நிற்கின்றன. எது யாருடைய ஆய்வேடு? மறுபடியும் அதே தலைப்புப் பக்கம்தான். அங்கே அது முதல் கோப்பாக, தனியாக, யாரும் தொடாமல் இருக்கிறது.

இதைவிட மோசம், அந்த இயலில் இருக்கும் அடிக்குறிப்பை அப்படியே தூக்கி, மூல நூலைத் தானே பார்த்தது போலப் போட்டுக்கொள்வது. ஒருவர் 1978இல் பக்க எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால், அந்தத் தப்பு ஆய்வேடு ஆய்வேடாகக் குடும்பச் சொத்து போல இறங்கி வரும். மாணவர்களுக்கு, ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒற்றுமை விழுக்காடு மட்டும்தான் பயம். 2018 யுஜிசி விதிப்படி 10க்குள் இருந்தால் சரி என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பார்க்காத நூலைப் பார்த்ததாக எழுதுவதை எந்த மென்பொருள் பிடிக்கும்? நானும் இரண்டு இடத்தில் செய்திருக்கிறேன். எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன்.

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுவது

நூற்றாண்டு தாண்டிய காகிதம் விரலோடு வந்துவிடும்.

உதவியாளரைத் தாண்டிப் போவது

நூலகரிடம் 'சார்', 'மேம்' என்று குழைகிறவர்கள், வண்டி தள்ளிக்கொண்டு போகிறவரை வழிவிடச் சொல்கிறார்கள். எந்தத் தொகுதி பைண்டிங்குக்குப் போயிருக்கிறது, எந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தப் பேராசிரியர் எதை எடுத்துப்போய் மூன்று வருடமாகத் தராமல் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என் அண்ணன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் தலைக்குள் இருந்த பட்டியலை யாரும் கணினியில் ஏற்றவில்லை.

நாலரை மணிக்குப் போய் நிற்பது

அடுக்கிலிருந்து நூல் எடுத்துத் தருவதை மூடுவதற்கு வெகுமுன்பே நிறுத்திவிடுவார்கள். காலையில் போங்கள்.

போன மாதம் படம் பிடித்த பையனைக் கூப்பிட்டு, பச்சைக் காலிகோ கதை முழுவதையும் சொன்னேன். செருகிய புத்தகத்தைத் தேடி எடுக்கவே அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. கூட இருந்த மாணவி ஒருத்தி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். இந்த வாரம் அவளாகவே வந்து செல்போனை நீட்டினாள். "சார், நீங்க சொன்ன மாதிரியே எடுத்துட்டேன்." முதல் படம் தலைப்புப் பக்கம். இரண்டாவது பின்பக்கம். மூன்றாவது முதுகுச் சீட்டு. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். பதிப்பு ஆண்டு அச்சாகியிருந்த இடத்தில், பக்கத்தை அழுத்திப் பிடித்த அவளுடைய கட்டை விரல் இருந்தது.

மணி நாலே கால். ஓடச் சொன்னேன்.